உபயமும் பொதுப்பணமும்: பள்ளி வாத்தியக் குழுவை ஊர் தாங்கும் முறை

தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளில் வாத்தியக் குழுவுக்கென்று தனியாக ஓர் ஆதரவுச் சங்கம் இருப்பது அரிது. பேண்டு வாத்தியங்கள் வாங்குதல், பயிற்றுநருக்கு மதிப்பூதியம் தருதல், போட்டிகளுக்குப் பிள்ளைகளை அழைத்துச் செல்லுதல் ஆகிய பணிகள் பெற்றோர் ஆசிரியர் கழகம், பள்ளி மேலாண்மைக் குழு, முன்னாள் மாணவர் மன்றம், கடைவீதி வணிகர்கள், ஊர்ப் பெரியவர்கள் எனப் பலரிடம் பிரிந்து கிடக்கின்றன. மதுரை மாவட்டம் எழுமலையிலும் அதைச் சூழ்ந்த உசிலம்பட்டி, சேடபட்டி, டி. கல்லுப்பட்டி வட்டாரங்களிலும் இப்பணியில் செயலாளராகவும் பொருளாளராகவும் நெடுங்காலம் இருந்தோர், ஆண்டுக்கணக்கில் கண்டும் பட்டும் அறிந்த நடைமுறைகளே இங்கு விவரிக்கப்படுகின்றன. அந்த அனுபவத்தின் சாரத்தைச் சுருங்கச் சொன்னால், இவ்வட்டாரத்தில் பணம் திரட்டுவது எளிது. திரண்ட பணம் யாருடையது என்பதைத் தெளிவாக வைத்திருப்பதுதான் கடினம்.

இவ்வட்டாரத்து மக்களுக்குக் கணக்கு எழுதுவது புதிதில்லை. காதணி விழா, பூப்புனித நீராட்டு, திருமணம், வசந்த விழா என எந்த விசேஷமானாலும் பந்தல் வாசலில் மேசை போட்டு, பெயர், தகப்பனார் பெயர், ஊர், தொகை என்று மொய் நோட்டில் எழுதும் பழக்கம் உசிலம்பட்டிப் பக்கத்தில் ஆழமாக வேரூன்றியது. மொய் என்பது கொடுத்தவர் வீட்டு விசேஷத்தில் சற்றுக் கூடுதலாகத் திரும்பிப் போய்ச் சேர வேண்டிய தொகையாதலால், நோட்டில் உள்ள ஒவ்வொரு பெயருக்கு எதிரேயும் ஒரு கடமை நிற்கிறது. கோயில் திருவிழாவுக்கு வாங்கும் தலைக்கட்டு வரி, அதாவது மணமாகித் தனிக்குடும்பமாக நிற்கும் வீடு ஒவ்வொன்றுக்கும் சமமாக விதிக்கப்படும் தொகை, வேறு இயல்புடையது. அதைக் கொடுத்தவர் தனக்கென்று எதையும் திருப்பிக் கேட்க முடியாது, ஆனால் கணக்கைக் கேட்கும் உரிமை ஊரில் எல்லாருக்கும் உண்டு. பள்ளி வாத்தியக் குழுவுக்கு வரும் பணத்தைக் கொடுப்பவர் மொய்யாக நினைப்பதும், வாங்குபவர் வரியாக நினைப்பதும் இத்தகைய அமைப்புகளில் எழும் பூசல்களில் பெரும்பாலானவற்றுக்கு மூலகாரணம்.

1980-களிலும் 1990-களிலும் இப்பகுதிப் பள்ளிகளில் வாத்தியக் குழு என்றால் அது உடற்கல்வி ஆசிரியரின் பொறுப்பாகவே இருந்தது. பாட்டு வாத்தியார் எனப்பட்ட இசை ஆசிரியர் பணியிடம் பெரும்பாலான பள்ளிகளில் இல்லாத நிலையில், சுதந்திர தினம், குடியரசு தினம், விளையாட்டு விழா ஆகிய மூன்று நாள்களின் அணிவகுப்புக்காகவே பேண்டு செட்டு ஒன்று பராமரிக்கப்பட்டது. நான்கைந்து சைடு டிரம், ஒரு பெரிய டிரம், ஒரு ஜோடி தாளத்தட்டு, சில பியூகிள்கள் ஆகியவையே அந்தச் செட்டு. பியூகிள் என்பது பொத்தானோ துளையோ இல்லாத பித்தளைக் கொம்பு. உதட்டின் இறுக்கத்தாலும் மூச்சின் அழுத்தத்தாலும் மட்டுமே சுரம் மாறுவதால், நடைமுறையில் அதில் ஐந்து சுரங்களுக்கு மேல் எழுப்புவது அரிது. இசை இலக்கணம் அறியாத உடற்கல்வி ஆசிரியரும் கற்பிக்கத்தக்கதாக அது பரவியதற்கு இந்த எளிமையே காரணம். பித்தளை வாத்தியங்களில் பெரும்பகுதி உத்தரப் பிரதேசத்தின் மீரட் நகரப் பட்டறைகளில் உருவாகி, மதுரைக் கடைகள் வழியாக இவ்வூர்களுக்கு வந்து சேர்ந்தது.

அக்காலத்துப் பொருளாளர்கள் முதலில் கற்ற பாடம் வாங்கும் செலவைப் பற்றியதன்று, வைத்திருக்கும் செலவைப் பற்றியது. தோல் கட்டிய டிரம் ஐப்பசி மழையில் தளர்ந்து மொத்தென்று ஒலிக்கும்; சித்திரை வெயிலில் விறைத்து, இறுக்கும் திருகைத் தளர்த்தாமல் அறையில் பூட்டி வைத்தால் கோடை விடுமுறை முடிவதற்குள் கிழிந்துவிடும். பின்னர் வந்த பாலியெஸ்டர் முகப்பு ஈரத்துக்கு அசையாது என்றாலும், குச்சி ஒரே இடத்தில் பட்டுப் பட்டு நடுவில் குழி விழுந்ததும் மாற்றியாக வேண்டும். சைடு டிரத்தின் அடிமுகத்தில் கிடந்து சரசரவென்ற ஒலியைத் தரும் கம்பிச் சுருள்கள், தோளில் மாட்டும் வார், பியூகிளின் ஊதுவாய், டிரம் குச்சிகள் ஆகிய சில்லறைப் பொருள்களே ஆண்டுதோறும் பணத்தைத் தின்றன. செட்டு ஒன்று வாங்கும்போதே அதன் விலையில் ஒரு பங்கைப் பராமரிப்புக்கென்று வங்கியில் ஒதுக்கி வைத்த பள்ளிகளில் வாத்தியங்கள் பத்தாண்டுகளுக்கு மேலும் ஓடின. முழுத் தொகையையும் வாத்தியத்திலேயே போட்ட பள்ளிகளில், ஓட்டை டிரங்கள் பழைய பெஞ்சுகளோடு மூலையில் சேர்ந்தன.

ஒதுக்கீட்டுக்குத் தடையாக நின்றது உபயம் எழுதும் வழக்கம். கோயில் குழல்விளக்கு முதல் பேருந்து நிறுத்தத்து இருக்கை வரை, கொடுத்தவர் பெயரை எழுதி வைப்பது தமிழ்நாட்டில் எங்கும் உள்ளதே. பெரிய டிரத்தின் வட்ட முகம், அணிவகுப்பின் நடுவில் எல்லார் கண்ணிலும் படுவதால், பெயர் எழுத மிகவும் விரும்பப்பட்ட இடமாக இருந்தது; அதற்கு நன்கொடை தர இருவர் மூவர் போட்டியிட்ட அதே ஊரில், கிழிந்த முகப்பை மாற்ற நூறு ரூபாய் தர ஆள் கிடைக்கவில்லை. இதற்குச் சில பள்ளிகள் கண்ட தீர்வு எளிமையானது. வாத்தியத்தின் மீது பள்ளியின் பெயரும் இருப்புப் பதிவேட்டு எண்ணும் மட்டுமே எழுதப்படும், கொடுத்தவர் பெயர் ஆண்டு விழா மேடையில் வாசிக்கப்பட்டுத் தலைமை ஆசிரியர் அறைக்கு வெளியே உள்ள பலகையில் ஏறும் என்று தீர்மானம் நிறைவேற்றினார்கள். முதல் ஆண்டு வசூல் சற்றுக் குறைந்தது. ஆனால் அடுத்த தலைமுறைப் பிள்ளைகள் அந்த டிரத்தை இன்னாருடைய டிரம் என்று சொல்லாமல் பள்ளி டிரம் என்று சொல்லத் தொடங்கினார்கள்.

பெயர் எழுதுவதைவிடச் சிக்கலானது பிள்ளைகளைத் தேர்ந்தெடுப்பது. ஒரு பள்ளியில் பியூகிள்கள் வாங்கக் கணிசமான தொகை கொடுத்த பெற்றோர் ஒருவர், தம் மகன் அணியின் முன்வரிசையில் நிற்க வேண்டுமென்று வெளிப்படையாகவே கேட்டார். பையனுக்கோ காலடியும் தாளமும் இன்னும் ஒன்றுசேரவில்லை. அவர் கேட்டதில் அவர் அளவில் நியாயம் இருந்தது. மொய் நோட்டுப் பழக்கத்தில் வளர்ந்தவருக்குக் கொடுத்தது எவ்வகையிலாவது திரும்பி வர வேண்டும். அவருக்கு நேரடியாக மறுப்புச் சொல்லும் பொறுப்பு ஆசிரியர் தலையில் விழுந்ததுதான் அமைப்பின் குறை. அதன்பின், யார் எந்த வாத்தியம் வாசிப்பது என்பதைப் பயிற்றுநரே முடிவு செய்வார், நன்கொடைப் பட்டியல் பயிற்றுநரிடம் காட்டப்படாது என்ற விதி எழுத்தில் வந்தது. விதி எழுத்தில் இருப்பதன் பயன், நியாயத்தைவிட மரியாதையைக் காப்பதில்தான் அதிகம் தெரிந்தது. கேட்டு வந்தவரிடம், ‘உங்களுக்கு இல்லை’ என்பதற்குப் பதில், ‘யாருக்குமே அப்படிச் செய்வதில்லைங்க’ என்று சொல்லி அனுப்ப முடிந்தது.

இதே சிக்கல் உலகின் மறுகோடியில் நீதிமன்றம் வரை சென்றிருக்கிறது. அமெரிக்கப் பள்ளிகளில் பேண்டு குழுக்களையும் விளையாட்டு அணிகளையும் தாங்குவதற்குப் பெற்றோர் நடத்தும் பூஸ்டர் கிளப் என்னும் சங்கங்கள் உள்ளன; அவை வரிவிலக்குப் பெற்ற தொண்டு நிறுவனங்களாகப் பதிவு செய்யப்படுகின்றன. வர்ஜீனியா மாநிலத்தின் கேபிட்டல் ஜிம்னாஸ்டிக்ஸ் பூஸ்டர் கிளப், பொருள்களை விற்று நிதி திரட்டிய பெற்றோருக்குப் புள்ளிகள் வழங்கி, அந்தப் புள்ளிகளை அவரவர் பிள்ளையின் கட்டணத்திலேயே கழித்துக்கொடுத்தது. உழைக்காத பெற்றோரின் பிள்ளைக்கு ஏன் பங்கு தர வேண்டும் என்பது அவர்கள் வாதம். திரட்டிய பணம் பொதுநன்மைக்குப் போகாமல் குறிப்பிட்ட குடும்பங்களின் சொந்த நன்மைக்கே திரும்பியதென்று கூறி, 2013-இல் அந்நாட்டு வரி நீதிமன்றம் அச்சங்கம் வரிவிலக்குக்குத் தகுதியற்றது எனத் தீர்ப்பளித்தது. மொய்க்கணக்கைப் பொதுப்பணத்தில் கலக்கக்கூடாது என்பதையே அத்தீர்ப்பும் சட்ட மொழியில் சொல்கிறது.

யார் வாசிப்பது என்ற கேள்வி பணத்தோடு நிற்பதில்லை, சாதியையும் தொடுகிறது. பியூகிளும் சைடு டிரமும் வெள்ளைக்காரர் காலத்து அணிவகுப்பிலிருந்து வந்தவையாதலால் அவற்றில் சாதி ஒட்டவில்லை, பறை அப்படியன்று. சாவுக்கும் கோயில் கொடைக்கும் குறிப்பிட்ட சமூகத்தார் அடிக்க வேண்டிய கருவி என்ற கட்டாயத்தோடு பிணைக்கப்பட்டிருந்ததால், பள்ளியில் பறை கற்பிக்கும் யோசனை வந்தபோதெல்லாம் இருவகை எதிர்ப்பு எழுந்தது. ஆதிக்கச் சாதிப் பெற்றோர் தம் பிள்ளை அதைத் தொடுவதை விரும்பவில்லை. ஒடுக்கப்பட்ட சமூகப் பெற்றோர் சிலர், எந்த இழிவிலிருந்து பிள்ளையை மீட்கப் படிக்க அனுப்பினோமோ அதைப் பள்ளியே மீண்டும் கையில் கொடுப்பதா என்று கேட்டார்கள். இரண்டாவது கேள்விக்கு மேடைப் பேச்சால் விடை சொல்ல முடியாது. பறை கற்பது விருப்பம் சார்ந்தது, எல்லாச் சமூகப் பிள்ளைகளும் இடம்பெறும் குழுவாக இருந்தால் மட்டுமே அது தொடங்கப்படும், பள்ளிக்கு வெளியே எந்த நிகழ்ச்சிக்கும் அக்குழு அனுப்பப்படாது என்ற நிபந்தனைகளை ஏற்ற இடங்களிலேயே அது நிலைத்தது. திண்டுக்கல் சக்தி கலைக்குழுவின் பெண்கள் பறையைப் பொது மேடைக்குக் கொண்டுவந்ததும், அலங்காநல்லூர் வேலு ஆசானுக்கு 2025-இல் பத்மஸ்ரீ அறிவிக்கப்பட்டதும் இந்தத் தயக்கத்தைக் கணிசமாகக் குறைத்துள்ளன. தோல் பறையைக் காய்ச்ச வேண்டும், அதாவது வைக்கோல் தீயருகே காட்டிச் சூடேற்றி முறுக்கேற்ற வேண்டும் என்பதால், பள்ளி வளாகத்தில் தீ மூட்டுவதற்கு யார் பொறுப்பு என்ற கேள்வியும் குழுக் கூட்டத்தில் வரும். சூடேற்றத் தேவையற்ற செயற்கை முகப்புப் பறைகள் சில பள்ளிகளுக்கு வந்ததற்கு ஓசையைவிட இந்தக் கேள்வியே காரணம்.

வாத்தியம் இருந்தும் கற்பிக்க ஆள் இல்லாத நிலை நெடுநாள் நீடித்தது. பசுமலையில் இயங்கும் மதுரை அரசு இசைக் கல்லூரியில் படித்தவர்களை வாரம் ஒருமுறை வரவழைத்த பள்ளிகள், பயிற்றுநரின் மதிப்பூதியத்தோடு உசிலம்பட்டி வழியாக வந்துபோகும் பேருந்துச் செலவையும் ஏற்க வேண்டியிருந்தது. 2012-இல் தமிழ்நாடு அரசு ஓவியம், உடற்கல்வி, இசை உள்ளிட்ட பாடங்களுக்காக 16,549 பகுதிநேர ஆசிரியர்களை மாதம் 5,000 ரூபாய் தொகுப்பூதியத்தில் நியமித்தபோது, வாரத்தில் மூன்று அரைநாள் பள்ளிக்கு வரும் ஓர் ஆசிரியர் சில பள்ளிகளுக்குக் கிடைத்தார். ஊதியம் பின்னர் படிப்படியாக உயர்ந்தாலும் மே மாதத்துக்கு ஊதியம் இல்லை என்ற நிலை தொடர்ந்தது. இவ்விடத்தில் பெற்றோர் அமைப்புகள் எல்லையொன்றைக் கவனமாகக் காக்க வேண்டியிருந்தது. அரசு ஊதியம் பெறும் ஆசிரியருக்குச் சங்கம் தனியாகப் பணம் தந்தால் அவர் யாருக்குக் கட்டுப்பட்டவர் என்ற குழப்பம் வரும் என்பதால், பள்ளி நேரத்துக்குப் பிந்தைய பயிற்சிக்கு வெளியாள் ஒருவரை அமர்த்தி, அவருக்குரிய தொகையைக் காசோலையாகவே கொடுத்து, தலைமை ஆசிரியரின் சான்றொப்பத்துடன் வருகைப் பதிவு வைப்பதே பாதுகாப்பான வழியாக நிலைபெற்றது.

நிர்வாக அமைப்பில் பெரிய மாற்றம் 2009-ஆம் ஆண்டுக் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தால் வந்தது. 2010 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்த அச்சட்டம், பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோராகவும், மொத்தத்தில் பாதிப்பேர் பெண்களாகவும் இருக்க வேண்டும் என்று விதித்தது. 2022-இல் தமிழ்நாட்டில் இக்குழுக்கள் 20 உறுப்பினர்களோடு மறுகட்டமைப்புச் செய்யப்பட்டன. 2024-இல் நடந்த மறுகட்டமைப்பில் முன்னாள் மாணவர்களுக்கும் இடம் தரப்பட்டது. அதுவரை கடைவீதிப் பிரமுகர்களும் கட்சிக்காரர்களும் பேசிய கூட்டங்களில், நூறுநாள் வேலைக்குப் போய்வரும் தாய்மார்கள் தலைமை இடத்தில் அமர்ந்தார்கள். வாத்தியக் குழுவைப் பொறுத்தவரை அவர்கள் எழுப்பிய கேள்விகள் முன்பு யாரும் கேட்காதவை: பயிற்சி முடிந்து பெண் பிள்ளைகள் எந்தப் பேருந்தில் வீடு திரும்புவார்கள், காலையில் சாப்பிடாமல் வந்து பியூகிள் ஊதும் பிள்ளைக்கு மயக்கம் வந்தால் யார் பார்ப்பது, ஒரே ஊதுவாயை எத்தனை பேர் வாயில் வைப்பது. இந்த மூன்றாவது கேள்விக்குப் பிறகு, ஒவ்வொரு பிள்ளைக்கும் தனி ஊதுவாய் வாங்குவது செலவுப் பட்டியலில் நிலையான இனமாயிற்று.

பழைய மாணவர்கள் தனியாகச் சங்கம் அமைக்க முன்வரும்போது சட்டக் கடமைகளும் சேர்ந்தே வருகின்றன. 1975-ஆம் ஆண்டுத் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்தின்படி ஏழு பேர் கையொப்பமிட்டுச் சங்கத்தைப் பதிவு செய்யலாம். ஆனால் ஆண்டுதோறும் பொதுக்குழுவைக் கூட்டுவதும், வரவு செலவுக் கணக்கையும் உறுப்பினர் பட்டியலையும் மாவட்டப் பதிவாளரிடம் தாக்கல் செய்வதும் அதன்பின் தப்ப முடியாத பணிகள். உற்சாகத்தில் பதிவு செய்துவிட்டு இரண்டாம் ஆண்டே தாக்கலை மறந்த சங்கங்கள், பின்னர் வங்கிக் கணக்கை இயக்க முடியாமல் திண்டாடியதுண்டு. சென்னையிலும் வெளிநாட்டிலும் வேலை பார்ப்போர் வருமான வரிச் சலுகைக்கான 80ஜி ரசீது கேட்கத் தொடங்கியபின் நிலைமை மேலும் மாறியது. 2017-18 நிதியாண்டு முதல் ரொக்கமாகக் கொடுக்கும் நன்கொடையில் 2,000 ரூபாய்க்கு மேற்பட்டதற்கு அச்சலுகை இல்லை என்றானதும், ரசீதுப் புத்தகத்தோடு கடைகடையாக ஏறி இறங்கிய வசூல் படிப்படியாக வங்கிப் பரிமாற்றத்துக்கு நகர்ந்தது. 2022 டிசம்பரில் தொடங்கப்பட்ட நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளித் திட்டம், நன்கொடையை அரசு அமைப்பின் வழியாகவே குறிப்பிட்ட பள்ளிக்குச் சேர்க்க வழி செய்தது. சிறிய ஊர்ப் பள்ளிக்குத் தனிச்சங்கம் வேண்டுமா என்ற கேள்விக்கு அனுபவம் தரும் விடை இதுதான்: ஆண்டுத் தாக்கலைப் பொறுப்போடு செய்ய ஒருவர் நிலையாகக் கிடைக்காவிட்டால், மேலாண்மைக் குழுவின் கீழ் இசைக்கென்று ஒரு துணைக்குழு வைத்துக்கொள்வதே மேல்.

கணக்கிலும் சட்டத்திலும் சரியாக இருந்த அமைப்புகளும் ஒரு காரணத்தால் குலைந்தன. பெற்றோரின் ஆர்வம் பிள்ளை படிக்கும் வரைதான். மகள் பன்னிரண்டாம் வகுப்பு முடித்த கோடையில் தாய் செயலாளர் பதவியிலிருந்து சொல்லாமலே விலகிவிடுகிறார். ஒரு பள்ளியில் மூன்று நிர்வாகிகளின் பிள்ளைகளும் ஒரே ஆண்டில் வெளியேற, அடுத்த ஜூன் மாதத்தில் காசோலைப் புத்தகம் யாரிடம் உள்ளது என்பதே தெரியாமல் போயிற்று. ஆறாம், ஏழாம் வகுப்புப் பெற்றோரிலிருந்து ஒருவரையாவது துணைப் பொருளாளராக வைத்து, ஓராண்டு பழைய பொருளாளரின் அருகில் அமர்த்திப் பழக்கிய பள்ளிகளில் இந்த அறுபடல் நேரவில்லை.

2022-23-இல் அரசுப் பள்ளிகளுக்கான கலைத் திருவிழா தொடங்கியபின், மூன்று விழா நாள்களுக்கு மட்டும் தூசு தட்டப்பட்ட வாத்தியக் குழுக்கள் ஆண்டு முழுவதும் பயிற்சி எடுக்க வேண்டிய நிலை வந்தது. பள்ளி, வட்டாரம், மாவட்டம், மாநிலம் என்று படிப்படியாக நடக்கும் இப்போட்டிகளில் மாநில அளவில் வெல்வோருக்குக் கலையரசன், கலையரசி பட்டங்கள் வழங்கப்படுவதால், பெற்றோரின் கவனம் குழுவிலிருந்து தனிப்பிள்ளைக்கு மாறும் போக்கும் தோன்றியுள்ளது. தம் பிள்ளைக்கு மட்டும் தனிப் பயிற்சி, தனி உடை, தனி வாகனம் என்று கேட்போருக்குச் சொந்தச் செலவில் அவற்றைச் செய்துகொள்ளத் தடையில்லை. பொதுப்பணத்திலிருந்து எடுக்க இடமில்லை என்ற வரையறையைக் கல்வியாண்டின் தொடக்கக் கூட்டத்திலேயே வாசித்துவிடுவது பிற்காலச் சங்கடத்தைத் தவிர்க்கிறது.

ஆண்டுக் கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் வரவு செலவு வாசிப்பதற்கு முன் இருப்புப் பதிவேட்டை வைக்கும் முறை இவ்வனுபவத்தில் மிகவும் பயன்பட்டது. வாத்தியங்கள் அனைத்தையும் கூட்டத்தின் முன் வரிசையாக வைத்து, எண்ணை ஒருவர் வாசிக்க, அதை வாசிக்கும் பிள்ளையே எடுத்துக் காட்டி, சரியாக உள்ளதா பழுதா என்பதைச் சொல்ல வேண்டும். கணக்கு வாசிக்கும்போது கொட்டாவி விடும் பெற்றோரும் இதைக் கவனிப்பார்கள். காணாமற்போன பியூகிள் ஒன்று அவ்விடத்திலேயே வெளிப்பட்டு, மறுநாளே ஏதோ ஒரு வீட்டுப் பரணிலிருந்து வந்து சேர்ந்த நிகழ்ச்சியும் உண்டு. அந்தப் பட்டியலும், தீர்மானப் புத்தகமும், வங்கிப் புத்தகமும் ஒரே பெட்டியில் பள்ளியிலேயே இருக்க வேண்டும். நிர்வாகி வீட்டில் இருக்கக்கூடாது. புதிதாக வந்த பொருளாளர், பழையவர் வெளியூர் போய்விட்ட நிலையிலும், அந்தப் பெட்டியைத் திறந்து படித்து ஜூன் மாதத்தில் பயிற்சியைத் தொடங்கிவிட முடிந்தால், அந்த அமைப்பு ஒழுங்காக ஆளப்படுகிறது என்று கொள்ளலாம்.